ரோஜாவுக்கு முட்டுக் கொடுத்த அரளிக் கம்பு

என் மகனுக்கு என்மேல் கொள்ளைப் பாசம். அந்தப் பாசத்தில் அவன் எனக்குச் செய்ய நினைத்த பெரிய காரியம், என் வீட்டை விற்பது.

அவன் கப்பலில் இஞ்சினியர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் நடுக்கடலில் கிடக்கிறான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, அம்மா கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பது மட்டும் ஆபத்தாகத் தெரிகிறது. கேட்டால், "அது வேற, இது வேறம்மா" என்பான். எப்படி வேறு என்று இன்றுவரை விளக்கம் வரவில்லை.

வீடு இருப்பது தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற கடற்கரைச் சாலையில். கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவில் நான். கப்பல் ஏஜென்சி ஒன்றில் டைப்பிஸ்டாகக் காலம் தள்ளி, ஓய்வு பெற்ற கையோடு நானும் என் வீட்டுக்காரரும் கட்டிய வீடு. அவர் பால்காய்ச்சி முடித்து, வாசல் கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்ட்டை உப்புக்காற்று உரித்துப் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயிண்ட்டுக்குக்கூட இல்லாத அவசரம் அவருக்கு. அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன். தனியாக இருப்பது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. தெரிந்த நாட்களில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு மழைக்காலத்தில் குசினியில், சமையல்கட்டு ஈரத்தில், வழுக்கி விழுந்தேன். கையில் எலும்பு லேசாக விரிசல் விட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் ஓடி வந்து தூக்கினார். அவருடைய மகன் ஆட்டோ வைத்திருக்கிறான். அதில் போட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டுக் கூட்டி வந்தார்கள். "மகன்ட்ட சொல்லிராதியக்கா, பயந்துருவான்" என்று கேட்டுக்கொண்டேன். அக்கா சத்தியம் செய்தார். செய்துவிட்டு, மாவுக்கட்டுக் கையோடு நான் கட்டிலில் கிடக்கிற கோலத்தைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பிவைத்தார்.

அன்று ஆரம்பித்தது. எந்தத் துறைமுகத்தில் சிக்னல் கிடைத்தாலும் அவன் முதலில் பேசுவது வீட்டை விற்பது பற்றித்தான். கோயம்புத்தூரில் அவனுக்கு ஒரு பிளாட் இருக்கிறது. மருமகளும் பேத்தியும் அங்கே இருக்கிறார்கள். எனக்கென்று ஒரு ரூமும் இருக்கிறதாம், ஏசியோடு.

"யம்மா, அங்கன என்ன இருக்குன்னு உக்காந்திருக்கிய? அப்பா வச்ச வேப்பங்கன்னே கருகிப் போச்சு. ஒரு செடியாவது வளருதா சொல்லுங்க. செடியே நிக்க மாட்டேங்குத எடத்துல மனுசன் எதுக்கு நிக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏலே, செடி நின்னா நானும் நிக்கலாமா?"

"ஒரே ஒரு செடி. அடுத்த லீவுக்கு நான் வரும்போது பூத்து நிக்கணும். நின்னா விக்குத பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா நீங்க முணுமுணுக்காம என்கூட கெளம்பி வந்துரணும். சரியா?"

"சரிலே" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. கோபத்தில் சொன்னது. ஆனால் சொன்னது சொன்னதுதான். போனை வைத்த பிறகு வாசலுக்கு வந்து முற்றத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

எங்கள் முற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் மாதா திருவிழாவுக்கு முன்னால் கடற்கரையிலிருந்து புது மணல் அள்ளி வந்து வாசலில் விரிப்பது வழக்கம். வெள்ளை வெளேரென்று, சிப்பியும் சங்குப் பொடியுமாக, பார்க்க அழகாக இருக்கும். போன வருஷ மணலை யாரும் அள்ளி எறிவதில்லை. அதன்மேல் இந்த வருஷ மணல், அதன்மேல் அடுத்த வருஷ மணல். இப்படிக் கடலையே தவணை முறையில் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "ஐயோ, இங்கன ஒரு மல்லிகை பூக்க மாட்டேங்குதே" என்று ஆச்சரியப்படுகிற அறிவாளிகள் நாங்கள்.

ரோட்டு மேல் இருக்கிற நர்சரிக்குப் போனேன். அங்கே உள்ள அண்ணாச்சிக்கு எல்லாச் செடியும் கேரண்டிதான். செம்பருத்தி? "கேரண்டிம்மா." மல்லிகை? "கண்ண மூடிட்டு வைங்க." நந்தியாவட்டை? "நீங்க வேண்டாம்னு சொன்னாலும் பூக்கும்." ஒன்று விடாமல் வாங்கி வந்து வைத்தேன். செம்பருத்தி இலை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து குச்சியானது. மல்லிகை, கடலிலிருந்து வருகிற கொண்டல் காற்று ஒரு மூச்சு அடித்ததோடு சரி. நந்தியாவட்டை கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தது. அதன்பின் ஆடு வந்தது.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. "செடி மேல தப்பில்லம்மா, உங்க மண்ணு சரியில்ல" என்று சொல்லி, பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் மண் அடித்துக் கொடுத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற மண்ணாயிற்றே என்று நானும் பெருமையாகக் கொட்டி வைத்தேன். என் முற்றத்து உப்புக்கு முன்னால் அது முதல் வாரத்திலேயே சரணடைந்துவிட்டது. மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பூத்தது உப்பு.

கடைசியாக ஒரு ரோஜா வாங்கினேன். ரோஜாவா, இந்தக் கடற்கரையிலா என்று கேட்காதீர்கள். வீம்பு வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது. அதை வாங்கிக்கொண்டு அக்கா மகனின் ஆட்டோவில் வருகிறபோது, பைபாஸ் ரோட்டின் நடுவில் நிற்கிற அரளியைக் கழித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். லாரிப் புகையும் நிலக்கரித் தூசியும் குடித்து வளர்கிற செடி. வெட்டிய கிளைகள் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. ரோஜா ஒல்லியாக இருந்தது, காற்றுக்கு ஒடிந்துவிடும், முட்டுக் கொடுக்க ஒரு கம்பு வேண்டும் என்று வண்டியை நிறுத்தச் சொல்லி, நல்ல நேரான கிளையாக ஒன்று எடுத்து இலையை உருவிப் போட்டுக் கொண்டுவந்தேன். ரோஜாவை நட்டு, பக்கத்தில் அந்தக் கம்பை ஊன்றி, என் பழைய சேலைக் கிழிசலால் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தமாதிரி ஒரு நிம்மதி.

ரோஜா தளிர்விட்டது. சத்தியமாக விட்டது. நான் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினான்.

அந்தச் சமயம் பார்த்து, பேத்திக்கு முழுப் பரீட்சை லீவு, வந்து இருங்கள் என்று மருமகள் கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியுமா? அக்காவிடம் ரோஜாவை ஒப்படைத்தேன். "தெனமும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கக்கா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"போய்ட்டு வாளா. எம்பிள்ள மாதிரி பாத்துக்கிடுதேன்."

கோயம்புத்தூர் பிளாட் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. பால்கனியில் மருமகள் சின்னத் தொட்டிகளில் ரோஜா வைத்திருக்கிறாள். அவள் தண்ணீர் ஊற்றி நான் பார்க்கவில்லை. மறந்துபோய்விடுகிறாளாம். அதுபாட்டுக்குக் குலைகுலையாகப் பூத்துத் தொலைக்கிறது. எனக்குப் பொறாமையில் காப்பி இறங்கவில்லை. நல்ல பெண் அவள், தங்கமான பெண், என்னை ஒரு வேலை செய்ய விடவில்லை. அதுதான் பிரச்சினை. காலையில் எழுந்து உட்கார்ந்தால் இரவு வரைக்கும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கீழே செக்யூரிட்டியைத் தவிர யாரும், "என்னம்மா, சாப்ட்டாச்சா" என்று கேட்பதில்லை. அவனும் என் பெயரை ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் கேட்பான். பேத்தி மேல் உயிராக இருந்தும், அந்த ஏசி ரூமில் படுத்துக்கொண்டு என் வீட்டை நினைத்துக் குமைந்தேன். இங்கேயே இருந்துவிட வேண்டியதுதானா என்று நினைக்கையில் பயமாக இருந்தது.

ஊர் திரும்பி, பையைக் கீழே வைக்காமல் நேரே முற்றத்துக்குப் போனேன். ரோஜா போய்விட்டிருந்தது. கருகிக் கறுத்து, தொட்டால் பொடிகிற பதத்தில் நின்றது. பக்கத்தில் போனால் கருவாட்டு நெடி மூக்கைத் துளைத்தது.

எங்கள் பக்கம் மீன் கழுவுகிற தண்ணீரைச் சும்மா கீழே ஊற்ற மாட்டார்கள். செடிக்குத்தான் ஊற்றுவார்கள். ஊற்றாதவளைக் குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் அக்கா கருவாடு போடுகிறவர். அவரிடம் நாள் முழுக்கக் கிடைப்பது, மீனைக் கல்லுப்பில் ஊறப்போட்டு எடுத்த தண்ணீர்.

"யக்கா, என்னத்த ஊத்துனிய?"

"மீன்தண்ணிதான் ஊத்துனேன். வெறும் தண்ணில என்ன சத்து இருக்கு? தெனமும் வாளி நெறைய, ஒருநாள் தப்பல."

"அது உப்புத் தண்ணில்லாக்கா!"

"மீனு ஊறுன தண்ணிதானளா? மீனுல உள்ள சத்தெல்லாம் அதுலதான இருக்கும்?"

இதற்குமேல் என்ன பேச? பாசத்தில் ரோஜாவை ஊறுகாய் போட்டிருக்கிறார். என் பிழைப்பில் பாசம் வைக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வந்து அமைகிறார்கள். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அக்கா முகம் சுருங்கி வீட்டுக்குப் போய்விட்டார். நான் முற்றத்தில் உட்கார்ந்து, முடிந்தது கதை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று தலையில் கை வைத்தேன்.

செத்த ரோஜாவைப் பிடுங்கலாம் என்று சேலைக் கட்டை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். முட்டுக் கொடுத்த கம்பில் கணுவுக்குக் கணு பச்சை. ஈட்டிமுனை மாதிரி இலைகள், மூன்று மூன்றாக. அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே வேர் பிடித்திருந்தது. அண்ணாச்சியின் கேரண்டி எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போக, ரோட்டோரத்தில் குப்பை என்று போட்டது, கருவாட்டுத் தண்ணீரை வாளி வாளியாகக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறமாதிரி நின்றது. "அடி சண்டாளி" என்று அதைக் கொஞ்சினேன். எழுந்துபோய் அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன். அக்கா மன்னித்து, கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கொடுத்தார்.

அரளிக்கு நான் செய்தது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீர் ஊற்றினேன், அது வேண்டுமென்று கேட்கவில்லை. உப்புக்காற்று அடித்தது, இலை பளபளவென்றே இருந்தது. ஆடு வந்தது, மோந்து பார்த்தது, யோசித்தது, போய்விட்டது. ஒரு மழை பெய்ததும் பக்கக்கிளை வெடித்துப் புதராகப் பரந்தது. என் ஆயுளில் இவ்வளவு தொந்தரவு இல்லாத ஒரு ஜீவனை நான் வளர்த்ததில்லை. என் மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. "வீட்டுல யாராவது அரளி வைப்பாவளா? வெசமில்லா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா வழக்கம்போலப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். அன்றைக்கே எங்கேயோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் வந்தது.

"யம்மா... எதுக்கும்மா அரளி வளக்கிய?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் ஜில்லாவில் தனியாக இருக்கிற பொம்பளை அரளி வளர்த்தால் பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று நானாவது யோசித்திருக்கலாம்.

"ஏலே கூறுகெட்டவனே, சாகணும்னா ஒன் பிளாட்டுக்கே வந்து உக்காந்திருப்பேனே. அரளி எதுக்கு? நீதான ஒரு செடி பூக்கணும்னு சொன்ன. பூக்கப்போவுது, வந்து பாரு."

அவன் அந்தப் பக்கம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

அவன் லீவில் வந்த அன்று அரளி பூத்து நின்றது. சும்மா பேருக்கு ஒரு பூ இல்லை. கிளை கிளையாக, சிவப்பும் ரோஸும் கலந்த நிறத்தில், ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரிகிறமாதிரி. நான் வேறு நல்ல சேலை கட்டி வாசலில் நின்றேன். காரைவிட்டு இறங்கினான். பார்த்தான். "யம்மா, இளைச்சிட்டிய" என்றான்.

"அத விடு. செடியப் பாத்தியா?"

"பாத்தேன். அரளி ரோட்டுல நிக்குததுல்லாம்மா? அதக் கணக்குல எடுக்க முடியுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செடி என்று சொன்னாயா, ஜாதி பார்த்து வளர்க்கச் சொன்னாயா என்று பிடித்துக்கொண்டேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அப்புறம் என் கையைப் பிடித்து, அந்த ஒடிந்து கூடின கையை, மெதுவாகச் சொன்னான்: "பூத்திருச்சு, ஒத்துக்கிடுதேன். நீங்க ஜெயிச்சிட்டிய. ஆனா நாளைக்கு நெஞ்சு வலிச்சா அரளியா ஒங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்? நான் எந்தக் கடல்ல கெடப்பேனோ. சேதி வந்து, நான் ஏறி வாரதுக்குள்ள..."

அவன் பயம் பொய்யில்லை. "சரி, என்னமும் செய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

என்னமும் செய் என்றால் செய்துவிடுவதா? மறுநாளே போனில் விளம்பரம் போட்டுவிட்டான். கடல் பார்த்த வீடு, பூத்துக் குலுங்கும் தோட்டத்துடன். படம்? என் அரளி. நாலு பக்கமும் சுற்றி நின்று, வெயில் பார்த்து எடுத்திருக்கிறான். வீட்டைக் காப்பாற்ற நான் வளர்த்த செடி வீட்டை விற்கக் கிளம்பிவிட்டது. ரோட்டில் நிற்கிற ஜாதி, தோட்டமாகப் பதவி உயர்வு பெற்றதும் அப்போதுதான்.

மதுரையிலிருந்து ஒரு புருஷன் பெஞ்சாதி பார்க்க வந்தார்கள். மரியாதையான ஆட்கள். அந்தப் பெண் கேட்டைத் திறந்ததும் நேரே பூவிடம்தான் போனாள். நான் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். மகன் பேசினான். கப்பலில் இஞ்சின் ஓட்டுவதற்குப் பதில் அவன் வியாபாரத்துக்கு வந்திருக்கலாம்.

"உப்புக்காத்து வீட்டைத் தின்னுடாதா?" என்று அந்த ஆள் கேட்டார்.

"அதெல்லாம் சும்மா சொல்றது சார். கிரில்லுக்கு வருஷத்துக்கொரு பெயிண்ட் அடிச்சா போதும். இந்தக் காத்து எங்க கிடைக்கும், சொல்லுங்க?"

"செடி வருமா?"

"பாக்குறீங்கள்ல? எங்க அம்மா வச்சதுதான்."

அந்தப் பெண் தயங்கிக் கேட்டாள். "நாங்க இங்க குடியிருக்கப் போறதில்ல. இவரோட அம்மாவை இங்க கொண்டுவந்து வைக்கலாம்னு. மாமனார் தவறிட்டார். எங்க வேலைக்கு அவங்களைப் பாத்துக்க முடியல. கடல் காத்து நல்லதுன்னு டாக்டர் சொன்னார். வயசானவங்க தனியா இருக்கலாமா? ஏதாவது ஒண்ணுன்னா?"

"தாராளமா இருக்கலாம்" என்றான் மகன். "பக்கத்து வீட்டு அக்கா ஒரு சத்தம் குடுத்தா ஓடி வருவாங்க. அவங்க மகன் ஆட்டோ வாசல்லயே நிக்கும். ஆஸ்பத்திரிக்கு நேரா கொண்டுபோயிருவான். எங்க அம்மா கீழ விழுந்தப்போகூட அப்படித்தான், ஒரு பயமும் இல்லாம, எங்க அம்மா..."

அவன் நிறுத்தினான். டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அந்த மதுரை மாமியாரை நினைத்து எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஒங்க மாமியார் இப்ப எங்கம்மா இருக்காவ?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அவங்க வீட்லதாம்மா. மாமா கட்டின வீடு. அதைக் கொடுத்துட்டுத்தான் இதை வாங்கணும்."

"அவுகளுக்கு இங்கன வரச் சம்மதமான்னு கேட்டியளா?"

புருஷனும் பெஞ்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்க நல்லதுக்குத்தானம்மா செய்றோம்" என்றார் அவர். "அவங்ககிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாங்க."

என் மகன் டம்ளரைக் கீழே வைத்தான். முகம் சிவந்துபோயிருந்தது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டை விக்கல" என்றான். "எங்க அம்மா இருக்காங்க."

அவருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? அவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்த மனுஷன். கார் ரோட்டில் திரும்பி மறைகிறவரைக்கும் அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் என்னிடம் வந்து, "யம்மா" என்றான்.

"இத மொதல்லயே சொல்லிருந்தா வந்தவங்களுக்கும் அலைச்சல் மிச்சம், எனக்கும் பால் மிச்சம்" என்று அவனைத் திட்டிவிட்டு, டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், ஆசை தீர அழுதேன்.